550-க்குப் பூஜ்யம்

ஆன் ஆர்பர், மிச்சிகன்.

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் என் இரண்டு கம்பளிச் சட்டைகளும் க்ஷேமம். அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமா என்று விவரமாக எழுதவும்.

குளிரையும் சாப்பாட்டையும் பற்றிச் சென்ற கடிதத்திலேயே புலம்பித் தீர்த்துவிட்டபடியால், இம்முறை என் வீட்டுக்காரப் பெரியவரைப் பற்றி எழுதுகிறேன். எழுபதைக் கடந்த இம்மனிதர், காலைக் காப்பி ஆறுவதற்குள் 1901-ஆம் வருஷத்துக்குப் போய்விடுவார். போனால் மத்தியானத்துக்குமுன் திரும்புவதில்லை. அந்த வருஷம் இவ்வூர்ச் சர்வகலாசாலையின் கால்பந்துக் கோஷ்டி, பதினொரு பந்தயங்கள் ஆடி, 550 புள்ளிகள் சம்பாதித்து, எதிராளிகளில் ஒருவருக்கும் ஒற்றைப் புள்ளியைக்கூடத் தானம் செய்யாமல் திக்விஜயத்தை முடித்ததாம்.

நம் ஊர் மைதானத்துப் பந்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். இங்கே முட்டை வடிவமான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிர்க்கட்சியார் அவன்மேல் விழ, அவனைச் சேர்ந்தவர்கள் அவர்கள்மேல் விழ, அந்தக் குவியலுக்குள்ளிருந்து யார் உயிரோடு வருகிறார் என்று ஜனங்கள் ஆவலோடு காத்திருப்பார்கள். அந்த வருஷத்து விதிப்படி, மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கஜம் முன்னேறினால் மறுபடியும் விழுந்தெழும் பாக்கியம் கிடைத்தது. இல்லையேல் பந்து மாற்றான் வசம். பந்தை முன்னோக்கி எறிவது அக்காலத்தில் குற்றம். 1906-இல்தான் அதை அனுமதித்தார்கள்.

இக்கோஷ்டிக்கு ஆசானாக வந்து சேர்ந்த ஃபீல்டிங் யோஸ்ட் என்பவரின் தாரக மந்திரம் 'சீக்கிரம்' என்பதே. கலியாணப் பந்தியில் ரசஞ்சாதத்தைப் பிசைவதற்குள் பாயசத்தைக் கொட்டிவிடுகிற பரிசாரகனைப் போல, எதிராளி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்குமுன் இவருடைய சிஷ்யர்கள் அடுத்த பாய்ச்சலைத் தொடங்கிவிடுவார்களாம். பஃபலோ கோஷ்டி 128-க்குப் பூஜ்யமாகத் தோற்ற தினத்தன்று, அக்கோஷ்டி வீரன் ஒருவன் மிச்சிகன்காரர்களின் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டு, "இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாய்" என்று சொன்னவர்களிடம், "தெரிந்துதான் உட்கார்ந்தேன்" என்றானென்று பெரியவர் சத்தியம் செய்கிறார். அவருடைய சத்தியங்களில் பாதியைத் தள்ளுபடி செய்துகொண்டே கேட்பது என் வழக்கம்.

முத்தாய்ப்பு, 1902 ஜனவரி முதல் தேதி, கலிபோர்னியாவில் பாசடீனா ரோஜா விழாவில் நிகழ்ந்தது. எதிரே நின்ற ஸ்டான்ஃபோர்டு கலாசாலைக்கு 1900-ஆம் வருஷம் வித்தை கற்பித்தவர் சாக்ஷாத் இதே யோஸ்ட்தான். தங்கள் பழைய மாணாக்கரே ஆசானாக இருக்கவேண்டுமென்று அவர்கள் விதி செய்ததால் இங்கே வந்தவர். மிச்சிகன் கட்சியில் பதினொருவரும் கடைசிவரை மாற்றாளின்றி ஆடி 49-க்குப் பூஜ்யமென்று கொண்டுவந்து நிறுத்தியபோது, இன்னும் எட்டு நிமிஷம் மீதியிருக்க, ஸ்டான்ஃபோர்டுத் தலைவர் போதுமென்று கேட்டுக்கொண்டார். விழாக்காரர்களுக்கும் போதுமென்றாகிவிட்டது. மறுவருஷம் போலோ ஆடவிட்டார்கள். அப்புறம், குதிரைகளாவது இரு பக்கமும் ஓடுமென்று நினைத்தார்களோ என்னவோ, ரோமாபுரி பாணியில் ரதப்போட்டி நடத்தினார்கள். கால்பந்துக்கு அங்கே மீண்டும் பிரவேசம் கிடைத்தது 1916-இல்தான். இதைச் சொல்லும்போது மாத்திரம் பெரியவருக்கு ரதங்களின்மேல் இன்னும் கோபம் வருகிறது.

அந்த 1901-க்கு அடுத்த வருஷம் மிச்சிகன் கோஷ்டி என்ன ஆயிற்று என்று மரியாதைக்கு நேற்று விசாரித்தேன். 644 புள்ளிகள் எடுத்தார்களாம். ஆனால் எதிராளிகளும் 12 எடுத்துவிட்டார்களாகையால், அதைப் பற்றிப் பேச அவருக்கு இஷ்டமில்லை.

தங்கள் பிரியமுள்ள மைத்துனன்.