கட்டளை போய்ச் சேர்ந்ததா?

கேள்வி (செமிலிங்): சிக்னல் பட்டாளம் சண்டை போடுமா, போன் பேசுவதோடு சரியா?

பதில்: துப்பாக்கியும் பிடிக்கும். ஆனால், தளபதி சொன்னது கடைசிப் பதுங்குகுழி வரை போக வேண்டும். அங்கே கண்டது தளபதிக்கு வர வேண்டும். அதுதான் முதல் வேலை. ரேடியோ, கம்பி, சங்கேதம், எதுவுமே ஓடாவிட்டால் மோட்டார் சைக்கிளில் தூதர், எல்லாம் அவர்கள் பொறுப்பு.

கேள்வி (பீடோங்): செய்தி போகாமல் கெட்ட சண்டை நம் கெடாவில் உண்டா?

பதில்: உண்டு. ஜித்ரா, 1941 டிசம்பர். ஜப்பானியருக்கு முன்பே தாய்லாந்துக்குள் புகும் ‘மெட்டடோர்’ திட்டத்துக்காகக் காத்திருந்தது பிரிட்டிஷ் தரப்பின் 11ஆவது இந்திய டிவிஷன். 8ஆம் தேதி பிற்பகலில்தான் திட்டம் ரத்து, ஜித்ராவைக் காத்து நில்லுங்கள் என்று உத்தரவு வந்தது. அடைமழை. பதுங்குகுழிகளில் தண்ணீர், அவசரமாக இழுத்த டெலிபோன் கம்பிகளும் நனைந்து ஊமையாகின. 12ஆம் தேதி இரவு ‘பின்வாங்கு’ என்ற கட்டளை சில பிரிவுகளுக்குப் போகவே இல்லை. விடிந்து பார்த்தால் பக்கத்தில் நின்ற படையைக் காணோம்!

ஜப்பானியரிடம் டாங்கி இருந்தது, பிரிட்டிஷ் படையிடம் அப்போது ஒன்றுகூட இல்லை. தோல்விக்கு அது பெரிய காரணம்தான். ஆனாலும், சொன்ன இடத்தில் நின்றவனிடம் ‘கிளம்பு’ என்று சொல்ல ஒரு வழி இல்லாமல் போனதே, அதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. அடுத்து, ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம் குருண். 15ஆம் தேதி 6ஆவது பிரிகேடின் தலைமையகமே அழிந்தது. கட்டளை பிறக்கும் இடமே போயிற்று.

கேள்வி (மெர்போக்): ஜெராய் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் எதற்கு?

பதில்: டிவி, எஃப்.எம். அலைகள் நேர்க்கோட்டில் போகும். 1,217 மீட்டர் உயரத்தில் நின்றால் மறைப்பு குறைவு. காட்டுக்குள் நடக்கும் சிப்பாய்க்கு மலை ஏது? மலாயா அவசரகாலத்தில் (1948–60) மரங்களுக்கிடையே கம்பியைப் படுக்கையாகக் கட்டி, உயர் அதிர்வெண் அலையை வானத்துக்கு அனுப்பினார்கள். அயனி மண்டலத்தில் பட்டு அது மலைக்கு அப்பால் இறங்கும்.

கேள்வி (சுங்கைப்பட்டாணி): எல்லார் கையிலும் கைப்பேசி, இன்னும் சிக்னல் படை எதற்கு?

பதில்: 2014 டிசம்பர் கிளந்தான் வெள்ளத்தைக் கேளுங்கள். மின்சாரம் போயிற்று, தொடர்பும் அறுந்தது. போரில் இன்னும் மோசம்: கைப்பேசி நீங்கள் நிற்கும் இடத்தையே எதிரிக்குக் காட்டிவிடும்.

கேள்வி (செமிலிங்): மகன் எஸ்.பி.எம். முடித்திருக்கிறான். சிக்னல் படைக்கு அனுப்பலாமா?

பதில்: நம் ராணுவத்தின் சிக்னல் படையான அரச செம்போயான் ரெஜிமெண்ட் இருக்கிறது, ‘பந்தாஸ் டான் பஸ்தி’, விரைவாக, உறுதியாக என்பது அதன் முழக்கம். எலெக்ட்ரானிக்ஸில் ஆசையும், நள்ளிரவிலும் ஒரு எண்ணைத் தவறாமல் எழுதும் பொறுமையும் இருந்தால், தாராளமாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.