பாட்டா சொன்னா கேக்கணும் மக்களே

மக்களே, கொடியேறின அன்னைக்குத் தொடங்கி தேர்ப்பவனி முடியுதது வரைக்கும் நீ எடுத்த படம் 3000-ணு உனக்க தள்ளை கடப்பொறம் முழுக்கப் பறஞ்சிட்டா. கொள்ளாம். நம்ம இனயத்துல இந்த வருசம் அத்தன வெடிகூடப் போடல்ல.

எனக்க படம் ஒண்ணு காட்டுண்ணு கேட்டேன். நீ விரலால தள்ளித் தள்ளித் தேடி முடிக்கதுக்குள்ள நான் ஒரு பீடி வலிச்சு முடிச்சாச்சு.

முதல்ல கார்டுல உள்ளத ஒக்கக் கம்ப்யூட்டருல ஏத்து. இன்னொரு டிஸ்க்குலயும் ஏத்து. ரெண்டுலயும் படம் தொறக்குதாண்ணு பாத்த பொறவு கார்ட அழி. கேமராவுல வச்சே ஒண்ணொண்ணா அழிக்காத. அந்தச் சின்னக் கண்ணாடியில எல்லாவனும் அழகன்தான். பெருசாக்கினாத்தான் சாமியாருக்க முகம் கலங்கிக் கிடக்கது தெரியும். இதெல்லாம் பாட்டாவுக்கு எப்பிடித் தெரியும்ணு முழிக்காத. துபாய்ல இருந்து வந்த பேரன் சொன்னான். சொன்னவன் இதுவரைக்கும் செய்யல்ல, அது வேற.

பொறவு கழிக்கணும். கரமடி இழுத்தா பேத்தையையும் பாசியையும் எறிஞ்சிட்டுத்தானே சாளைய எண்ணுவோம்? நீ பேத்தைக்கும் சேத்து வெல பேசுத. ஒரே தேரு, ஒரே வளைவு, விரல அமுக்கிப் பிடிச்சு இருவது படம். ஒண்ண வச்சிட்டு மத்தத விடு, சவத்த.

பேரு வைக்கதுலயும் ஒரு காரியம் கிடக்கு. கேமரா போடுத நம்பரு 9999 தாண்டினா திரும்ப 0001-ல தொடங்கும். நேத்து உள்ளதுக்க மேல இண்ணு உள்ளத ஏத்தினா நேத்து உள்ளது போச்சு. வருசம், மாசம், நாளு, அந்த வரிசையில ஃபோல்டருக்குப் பேரு போடு. 2017-11-30-ணு போட்டு வச்சா ஒக்கிப் புயலு படம் எங்கண கிடக்குண்ணு தேடாண்டாம், தானா வரிசையில நிக்கும்.

2016-ல டெல்லி மந்திரிசபை இனயத்துல துறைமுகம் கட்டலாம்ணு ஒத்துக்கிட்டுதே, ஓர்மை இருக்கா? வேண்டாம்ணு கடப்பொறத்துல நின்னு கத்தினப்ப செல்லு வச்சிருந்தவன் ஒக்கப் படம் எடுத்தான். திட்டம் கோவளம், மணக்குடி பக்கம் போயாச்சு. படம் எங்கண போச்சு? வாட்ஸ்அப்புல சுத்திச் சுத்திச் சுருங்கி, எடுத்த தேதியும் கழண்டு, எவனுக்க செல்லுலயோ குட்மார்னிங் ரோசாப்பூவுக்குக் கீழ கிடக்கும்.

விவரமுள்ளவனுவ மூணு பிரதி வைக்கணும், ரெண்டு விதமான பொருளுல வைக்கணும், ஒண்ணு வேற ஊருல இருக்கணும்ணு சொல்லுதானுவ. நமக்கு அத சொல்லித்தரவே வேண்டாம். 2004 டிசம்பர் 26-ல குளச்சல் பக்கம் கடலு வீட்டுக்குள்ள ஏறினப்ப, அலமாரியில பூட்டி வச்ச கல்யாண ஆல்பமும்தான் போச்சு. ஒரு டிஸ்க்க மார்த்தாண்டத்துல மாமன் வீட்டுல குடு. உப்புக்காத்தும் அங்க எட்டாது.

கடேசியா, படத்துல உள்ளவனுவளுக்க பேர எழுது. கேமராவுக்கு மணி தெரியும், ஆளத் தெரியாது. சாயங்காலம் ஒரு கட்டஞ்சாயா வாங்கிட்டு வா. பேரு, அப்பன் பேரு, பட்டப்பேரு எல்லாம் சொல்லித்தாறேன். பட்டப்பேர மட்டும் எழுதாத, கேமராவ ஒடச்சிருவானுவ.

பின்ன ஒண்ணு கூட. தேருக்குப் பொறத்தால கசேரியில வாயத் தொறந்துட்டு ஒரு கிழவன் உறங்குத படம் கிடக்கும். அது கலங்கல்ல, தெளிஞ்சுதான் இருக்கும், எண்ணாலும் அழிச்சிரு. மூணு பிரதியிலயும். விடிய விடிய முழிச்சிருந்து செபமால சொன்னேன்ணு பாட்டிகிட்ட பறஞ்சாச்சு.