மிக்சர் அண்ணன்

குடிக்கிற கூட்டம் எதை எடுத்தாலும் அதில் குடிக்காத ஒருத்தர் இருப்பார். மற்றவர்கள் கிளாஸைத் தூக்கி 'சியர்ஸ்' சொல்லும்போது அவர் ஸ்பிரைட்டைத் தூக்குவார். அப்புறம் தட்டிலிருக்கும் மிக்சரில் கடலையைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவார். சின்ன வயசுக்காரர் என்றால் பெயர் 'மிக்சர்'. கொஞ்சம் மூத்தவர் என்றால் மிக்சர் அண்ணன்.

அவருக்கு வருகிற அழைப்பே தனி ரகம். "அண்ணே, சனிக்கிழமை ஃப்ரீயா? சும்மா உட்காரலாம்னு." இது மரியாதைக்குக் கேட்பது. அடுத்து வருவதுதான் விஷயம்: "கார்லதானே வர்றீங்க?"

முன்பெல்லாம் இவருக்கு இந்த மவுசு கிடையாது. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் 2,000 ரூபாய் என்றிருந்த காலத்தில், 'பார்த்துக்கலாம் மச்சி' என்று கிளம்பிவிடுவார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவைக்கே அபராதத்தை 10,000 ரூபாய் ஆக்கினார்கள்; அதற்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். அது போதாதென்று 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூட உட்கார்ந்து போகிறவருக்கும் அபராதம் என்று அறிவித்தது. அன்றிலிருந்து பர்த்டே பார்ட்டியில் கேக்குக்கு முன்னால் அண்ணனை உறுதி செய்கிறார்கள்.

ஆக்டிங் டிரைவர் கிடைக்காமலா போய்விட்டார்? ஒரு போன் போட்டால் வந்து ஓட்டிக்கொண்டு போய் விடுவார். ஆனால் அவருக்கு மணிக்கணக்கில் காசு, ராத்திரிக்குத் தனிக் காசு. கால் டாக்ஸி என்றால் ஓ.டி.பி. சொல்ல வேண்டும், நாலு இலக்கத்தை வரிசையாகச் சொல்ல அந்த நேரத்தில் நாக்கு ஒத்துழைக்காது. "அதான் அண்ணன் இருக்காருல்ல" என்று முடிந்துவிடும் பேச்சு. அந்த அண்ணனையும் சேர்த்து ஐந்து பேருக்கு பில் சமமாகப் பிரியும். அவர் சாப்பிட்டது ரெண்டு ஸ்பிரைட், ஒரு பீநட் மசாலா. தட்டில் பாதி சிக்கன் 65-ஐ அவர்தான் காலி செய்தார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

கிளம்பும் நேரத்தில்தான் அவருடைய உண்மையான தொழில் தொடங்குகிறது. முதலில் சாவி. "நான் ஸ்டெடியாதான்ணே இருக்கேன்" என்று தூணைப் பிடித்துக்கொண்டு சொல்பவரின் சட்டைப் பையிலிருந்து பைக் சாவியை எடுத்து, பார் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார். பிறகு யார் எங்கே உட்கார்வது என்று பிரிப்பார். வயிறு சரியில்லாதவர் இடது பக்க ஜன்னல். பழைய காதலிக்கு போன் போடத் துடிப்பவர் நடுவில், போன் அண்ணனிடம். தத்துவம் பேசுபவர் முன் சீட். பின்னால் விட்டால் பக்கத்தில் இருப்பவரை அழ வைத்துவிடுவார். பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரியில் தடை போட்டது. அதற்குப் பிறகும் மருத்துவக் காரணத்துக்காக அவை பத்திரமாகப் பாதுகாக்கப்படும் ஒரே இடம் அண்ணன் காரின் கதவு இடுக்கு.

சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டியதும் பேரிகேட். கண்ணாடியை இறக்கிய உடனே உள்ளிருந்து அடித்த வாடையில் போலீஸ்காரர் ஓரடி பின்வாங்குகிறார். "இறங்குங்க சார்." அண்ணன் வாழ்நாளெல்லாம் காத்திருந்தது இதற்குத்தான். நாதஸ்வர வித்வான் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்து ஊதுகிறார். சைபர். போலீஸ்காரர் கருவியைத் தட்டிப் பார்க்கிறார். "இன்னொரு தடவை ஊதுங்க." மறுபடி சைபர். பின் சீட்டிலிருந்து ஒரு தலை வெளியே வருகிறது: "சார், அவரு தங்கமானவரு சார். குடிச்சது நாங்கதான் சார். வேணும்னா நான் ஊதட்டுமா சார்?" அந்தத் தலையை உள்ளே தள்ளிக் கண்ணாடியை ஏற்றுவதும் அண்ணன்தான்.

மேடவாக்கத்தில் இருவர், தாம்பரத்தில் இருவர், நடுவில் 'கொத்து பரோட்டா சாப்பிட்டே ஆகணும்' என்று ஒரு நிறுத்தம். அண்ணன் வீடு திருவான்மியூர். புறப்பட்ட இடத்துக்கு எல்லோரையும்விடப் பக்கத்தில் இருப்பவர் கடைசியாக வீடு போய்ச் சேர்கிறார்.

இத்தனைக்கும் நடுவே அவருக்குக் கிடைக்கும் பரிசு, வாசல் கதவு திறக்கும்போது வருகிறது. தோளில் சாய்ந்திருப்பவரை விட்டுவிட்டு அந்த வீட்டுக்காரம்மா அண்ணனைத்தான் பார்ப்பார். "நீங்க கூட இருந்துமா அண்ணா இப்படி?" குடித்தவரைத் திட்டிப் பயனில்லை, காலையில் ஞாபகம் இருக்காது. திட்டு வாங்குகிற தெளிவோடு அந்த நேரத்தில் நிற்பது இவர் ஒருவர்தான். "லிமிட்டாதான்மா, ரெண்டே ரெண்டு" என்று ஒரு பொய்யையும் சொல்லிவிட்டு இறங்குவார்.

அவர் ஒன்றும் மகான் கிடையாது. ராத்திரி யார் யாரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், மேனேஜரை எந்த வார்த்தையில் திட்டினார்கள் எல்லாம் அவருக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கும். மறுநாள் டீக்கடையில் நடித்தே காட்டுவார். வாட்ஸ்அப்பில் வீடியோவும் இருக்கலாம். அதனாலேயே கூட்டத்தில் அவரை யாரும் பகைத்துக்கொள்வதில்லை. கார்த்திகை பிறந்து பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் அண்ணனுக்கு ஒரு மண்டலம் விடுமுறை. அந்த நாட்களில் பொழுது போகாமல் அவரே போன் பண்ணி, "என்னப்பா, சத்தத்தையே காணோம்?" என்று கேட்பதையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கூட்டத்திலும் இவர் இருப்பார். அடுத்த முறை பில்லை ஐந்தாகப் பிரிக்காமல் நாலாகப் பிரியுங்கள், பெட்ரோலும் நீங்கள் போடுங்கள். முடிந்தால் ஒரே ஒரு ராத்திரி ஆக்டிங் டிரைவருக்கு போன் போட்டு, அண்ணனைப் பின் சீட்டில் உட்கார வைத்து முதல் ஆளாக வீட்டில் இறக்கிவிடுங்கள்.