கரையானுக்கு மருந்து, மீனுக்கு ஈரத்துணி

அனுப்புநர்:
பி பிளாக் தரைத்தளத்தில் குடியிருக்கும் ஓர் உரிமையாளர்
(மெயின்டனன்ஸ் பாக்கி ஏதுமில்லை)

பெறுநர்:
மாண்புமிகு செயலாளர் அவர்கள்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்,
சென்னை.

பொருள்: வரும் வெள்ளிக்கிழமை நடைபெறவிருக்கும் கரையான் ஒழிப்பு – ‘மீன் தொட்டி இருந்தால் ஈரத்துணியால் மூடவும்’ என்ற தங்கள் ஆணை – விளக்கம் கோருதல் தொடர்பாக.

பார்வை: லிஃப்டில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கை; காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வாட்ஸ்அப் குழுவில் வந்த அதே சுற்றறிக்கை.

ஐயா,

வணக்கம். முதற்கண் என் பாராட்டுகள். மொட்டை மாடி ஒழுகலுக்குப் பொதுக்குழு கூடிக் கூடிக் கலைந்ததுதான் மிச்சம் என்றிருந்த நம் சங்கம், கரையான் விஷயத்தில் ஒரே வாரத்தில் கொட்டேஷன் வாங்கி, முன்பணம் கொடுத்து, தேதியும் குறித்துவிட்டது. அலுவலக அலமாரியில் இருந்த வரவு செலவுப் புத்தகங்களைக் கரையான் அரித்ததுதான் இந்த வேகத்துக்குக் காரணம் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். நான் நம்பவில்லை. ஆனாலும் நம் கணக்கை முதல் பக்கம் தொடங்கி ஒரு வரி விடாமல் பார்த்த ஒரே தணிக்கையாளரை இவ்வளவு அவசரமாகத் தீர்த்துக்கட்ட வேண்டுமா என்று எனக்கொரு சின்ன வருத்தம்.

சுற்றறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அரிசி, பருப்பு, மசாலா டப்பாக்களை மூடி வைக்க வேண்டும். பூஜை அறைப் படங்களைக் கழற்றி வைக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் நான்கு மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். நாய்க்கென்று தனிப் பத்தியே இருக்கிறது. போன பொதுக்குழுவில் நாய் வளர்ப்பவர்கள் போட்ட சத்தம் வீண்போகவில்லை. கடைசியில், ஏ.சி.க்கு உறை போடச் சொன்ன வரிக்கும் கீழே, மீன் தொட்டிக்கு ஈரத்துணி. மீனுக்குக் குரைக்கத் தெரியாது என்பதைச் சங்கம் சரியாகவே கணித்திருக்கிறது.

ஆணைக்குக் கீழ்ப்படிவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கீழ்ப்படியப் போன இடத்தில் எழுந்த சில ஐயங்களை மட்டும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

முதல் ஐயம், ‘எல்லாப் பொருட்களையும் சுவரிலிருந்து இரண்டடி நகர்த்தி வைக்கவும்’ என்ற வரி. என் தொட்டி மூன்றடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. விளிம்பு வரை நிரப்பினால் 190 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், கண்ணாடி, அடியில் கிடக்கும் கூழாங்கல் எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். தண்ணீரோடு தள்ளினால் சிலிகான் ஒட்டு விட்டு, கீழ்த்தட்டுக் கண்ணாடி விரிசல் காணும். துணைக்கு வாட்ச்மேனை அனுப்பிவைத்தீர்கள், நன்றி. அவர் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பீரோவா இருந்தா தள்ளிடலாம் சார்” என்று சொல்லிவிட்டு கேட்டுக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டாவது, ஈரத்துணி. வேட்டியா, துண்டா, எத்தனை மடிப்பு என்பதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை. அது போகட்டும். மேலே தெளிக்கும் மருந்தை ஈரத்துணி குடிக்கும். குடித்ததைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள்ளேயே விடும். இதைவிடப் பெரிய சிக்கல் தொட்டிக்குக் கீழே இருக்கிறது. சோப்பு டப்பா அளவில் ஓர் ஏர் பம்ப், ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கிறது. ஹாலில் இருக்கும் காற்றை இழுத்து, டியூப் வழியாகத் தண்ணீருக்குள் குமிழி குமிழியாக விடுவதுதான் அதன் வேலை. ஹாலில் மருந்து அடித்தால் அந்தக் காற்றையும் அதே சிரத்தையோடு இழுத்து உள்ளே அனுப்பும். மேலே துணியைப் போர்த்திவிட்டுக் கீழே பம்பை ஓடவிட்டால், மீனுக்கு நாமே மருந்து ஊட்டுகிறோம் என்று பொருள்.

“அப்படியானால் பம்பை நிறுத்திவிடுங்களேன்” என்று தாங்கள் சொல்லக்கூடும். நிறுத்தலாம். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் 30 டிகிரிக்குப் போன தண்ணீர் ஏழரை வைத்துக்கொண்டாலே பெரிது. ஜன்னலையும் நான்கு மணி நேரம் அடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதோடும் முடியாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. பம்ப் நின்று, பஞ்சுக்குள் நீரோட்டமும் நெடுநேரம் நின்றால் அவையும் மூச்சடைத்துச் சாகும். வெள்ளிக்கிழமை தப்பிய மீன் அடுத்த புதன்கிழமை சாகும். அப்போது சங்கத்தின் மருத்துவ அறிக்கை என்னவாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்: “தீனி அதிகமாப் போட்டிருப்பீங்க.”

மூன்றாவது, மருந்தின் பெயர். தங்களைக் கேட்டேன், கம்பெனியைக் கேட்கச் சொன்னீர்கள். கம்பெனி, சூப்பர்வைசரைக் கேட்கச் சொன்னது. சூப்பர்வைசர், “கம்பெனி மருந்துதான் சார்” என்றார். ஆக, கம்பெனியில் தொடங்கி கம்பெனியிலேயே முடிந்துவிட்டது. பெயர் எதற்கு என்று கேட்கிறீர்களா? இமிடாகுளோப்ரிட் என்றால் மீன் ஒருவேளை பிழைக்கும், தொட்டியில் இறால் இருந்தால் அது பிழைக்காது. குளோர்பைரிஃபாஸ் என்றாலும் பைஃபென்த்ரின் என்றாலும் மீனுக்கே ஆபத்து. சுவரோரமாக அடிக்கொரு துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் ஊற்றுவது இந்தத் தொழிலின் வழக்கம். அது ஒரு சதவீத குளோர்பைரிஃபாஸ் கரைசல் என்றால் ஒவ்வொரு துளைக்குள்ளும் 10 கிராம் விஷம் இறங்குகிறது. என் தொட்டித் தண்ணீர் முழுவதிலும் ஒரே ஒரு மில்லிகிராம் கலந்தாலே சில வகை மீன்களின் கதை முடிந்துவிடும்.

சூப்பர்வைசர் ஆறுதல் சொல்லாமல் விடவில்லை. “வாசனையே வராது சார், ஹெர்பல்” என்றார். வாசனை வராததால் நமக்குத் தும்மல் வராது, புகார் வராது; மீனுக்கு அதனால் என்ன லாபம் என்று தெரியவில்லை. ஹெர்பல் என்பதில் எனக்கு இன்னும் அச்சம். செவ்வந்திக்குப் பங்காளியான ஒரு பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரின் சுத்தமான ஹெர்பல்; மீனுக்கு அது எமன். காக்காய்க்கொல்லி விதையை அரைத்துக் குளத்தில் கரைத்து மீன் பிடித்தவர்கள் பயன்படுத்தியதும் ஹெர்பல்தான்.

அடுத்து, “டப்பாவுல மஞ்சள் முக்கோணம்தான் சார், சிவப்பு இல்ல” என்றார். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி டப்பாவில் போடும் நிறங்கள் நான்கு: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. மஞ்சள் என்றாலே கடும் நஞ்சு என்பது ஒருபுறம் இருக்கட்டும். எலி போன்ற சோதனை விலங்குக்கு வாய் வழியாகவோ தோல் வழியாகவோ எவ்வளவு கொடுத்தால் சாகும் என்று பார்த்துத்தான் அந்த நிறம் முடிவாகிறது. மீனை யாரும் அந்தக் கணக்கில் கேட்கவில்லை. என் வீட்டில் எலி வளர்த்திருந்தால் அந்த முக்கோணத்தை நம்பி நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன வாரம் ஏ பிளாக்கில் வேலை நடந்தபோது போய்ப் பார்த்தேன். சுற்றறிக்கையின் தலைப்பில் ‘ஃப்யூமிகேஷன்’ என்று இருந்ததால், கலிஃபோர்னியாவில் செய்வதுபோல வீட்டையே கூடாரத்துணியால் மூடி சல்ஃபியூரில் ஃபுளோரைடு வாயுவை நிரப்புவார்களோ என்று பயந்துதான் போனேன். கலிஃபோர்னியாவில் இந்த ஈரத்துணி வாதத்துக்கே இடமில்லை. மனிதரோடு நாய், பூனை, மீன் எல்லாம் வெளியேறியாக வேண்டும். இங்கே கூடாரம் இல்லை, வாயுவும் இல்லை. ஒரு டிரில், ஒரு ஸ்பிரேயர், ஒரு பெயின்ட் வாளி, இருபது வயதுகூட இருக்காத ஒரு தம்பி. கையுறை இல்லை, முகத்தில் ஒரு கைக்குட்டை. வாளியில் மருந்தை ஊற்றி, கலக்கக் குச்சியைத் தேடினான். கிடைக்கவில்லை, முழங்கை வரை கையை விட்டான். அந்த மருந்து குளோர்பைரிஃபாஸாக இருந்தால், கரையானின் நரம்பில் எந்த நொதியை முடக்கிக் கொல்கிறதோ அதே நொதி அந்தத் தம்பியின் நரம்பிலும் இருக்கிறது. அவனுக்குச் சுற்றறிக்கையில் ஈரத்துணிகூட ஒதுக்கவில்லை. அதே பிளாக்கில் ஒரு குழந்தை வளர்த்த கப்பி மீன்கள் மறுநாள் காலையில் மொத்தமாக மிதந்ததையும் தாங்கள் அறிவீர்கள். “வெயில் காலம்மா, அப்படித்தான்” என்று தாங்களே நேரில் போய் ஆறுதல் சொன்னதாகக் கேள்வி.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பணிவுடன் வைக்கிறேன்:

1. மருந்தின் பெயரும் அளவும் வெள்ளிக்கிழமைக்குள் லிஃப்டில் ஒட்டப்பட வேண்டும். காலை வணக்கப் படத்தின் அடியில் போட்டாலும் சம்மதம்.

2. ‘காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுக்குள்’ என்றில்லாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம் சொல்ல வேண்டும். முதல் நாளே மீனுக்குத் தீனியை நிறுத்தி, அந்த நேரத்துக்குத் தயாராக இருப்பேன்.

3. தொட்டியின் வாயைக் கனமான பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுவேன். பம்பை மட்டும் வெளியே வராந்தாவில் வைத்து, நீளமான டியூப் வழியாக நல்ல காற்றை உள்ளே அனுப்புவேன். காற்று வெளியேற ஓரத்தில் சிறு இடுக்கு விட்டால் போதும். உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் அறைக் காற்று உள்ளே வராது. வராந்தாவில் பொருள் வைத்தால் 500 ரூபாய் அபராதம் என்ற சங்க விதியிலிருந்து, செருப்பு ஸ்டாண்டைவிடச் சிறிய இந்தப் பம்புக்கு ஒரு நாள் விலக்கு வேண்டும்.

4. தொட்டி இருக்கும் ஹாலில் ஸ்பிரே வேண்டாம். துளைக்குள் ஊற்றி ஒயிட் சிமென்ட்டால் அடைத்தால் போதும். கரையான் மண்ணுக்குள்தான் இருக்கிறது, சீலிங் ஃபேனில் இல்லை.

5. அந்தத் தம்பிக்கு ஒரு ஜோடி கையுறையும் ஒரு குச்சியும். செலவு என் கணக்கில்.

வேலை முடிந்து ஜன்னல்களைத் திறந்து அறை நன்றாகக் காற்றாடிய பிறகு ஷீட்டை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டுக்கொள்வது என் பொறுப்பு. கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் நண்பர், “பேசாமல் ஆக்சிஜன் பாக்கெட் போட்டு ரெண்டு நாள் இங்கே விட்டுடுங்க” என்கிறார். மீனை விட்டுவிடலாம். நுண்ணுயிரோடு இருக்கும் ஃபில்டர், 200 கிலோ தொட்டி, ஒட்டிய இடத்தை விட்டு வராத சக்கர் மீன் ஆகியவற்றுக்கு ஆட்டோ கிடைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. சுற்றறிக்கையின் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், ‘முகப்புக் கூடத்தில் உள்ள வாஸ்து மீன் தொட்டியை அகற்ற இயலாததாலும், மருந்தின் தாக்கம் குறித்து ஐயம் இருப்பதாலும், அப்பகுதியில் மருந்து அடிப்பது தவிர்க்கப்படுகிறது’ என்று ஒரு வரி இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். எட்டுத் தங்க மீனும் திருஷ்டிக்கு ஒரு கறுப்பு மீனும் நீந்தும் சங்கத்தின் சொந்தத் தொட்டி அது. ஆக, மருந்து மீனுக்கு ஆகாது என்பதும், ஈரத்துணி அதைத் தடுக்காது என்பதும், என்ன செய்ய வேண்டும் என்பதும் சங்கத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. இத்தனை பக்கம் விளக்கியது என் அதிகப்பிரசங்கித்தனம், பொறுத்தருள்க.

ஆதலால் மேற்கண்ட ஐந்து கோரிக்கைகளையும் பரிசீலிக்கத் தங்களுக்கு நேரம் இல்லாவிட்டால், எளிய மாற்றுவழி ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை என் மீன் தொட்டியைச் சங்கத்தின் சொத்தாக அறிவித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிடுங்கள். திருஷ்டிக்கு வேண்டுமானால் கறுப்பு மோலி ஒன்று என்னிடமும் இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் தொட்டியைத் திரும்ப ஒப்படைத்தால் போதும், வாடகை கேட்கமாட்டேன். கையுறை கோரிக்கைக்கு மட்டும் இந்த மாற்றுவழி பொருந்தாது. அந்தத் தம்பியைச் சங்கத்தின் சொத்தாக அறிவிக்கச் சட்டத்தில் இடமில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள உறுப்பினர்,
பி பிளாக், தரைத்தளம்.

நகல்: ஏ பிளாக்கில் கப்பி மீன் வளர்த்த குழந்தைக்கு, தகவலுக்காக.