ஒரே ஃபோல்டரின் கீழ்: அலுவலக நெட்வொர்க்கில் பாசாங்கின் இடம் குறித்து ஒரு விசாரணை

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஒரே அலுவலகத்தில் ஒரு ஃபோல்டரைப் பங்குபோட்டுக்கொள்ள முடியுமா என்றால், முடியும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் ஹார்டுவேர் கடை வைத்திருப்பார். ஆய்வாளனுக்கு அந்தச் சலுகை கிடையாது. எப்படி முடிகிறது, யார் மானத்தை அடகு வைத்து முடிகிறது என்று அவன் கேட்டாக வேண்டும்.

ஆய்வுக்களமாக ஒரு சிறு பதிப்பகத்தைக் கொள்வோம். லேஅவுட் ஆர்ட்டிஸ்டிடம் மேக். அதைப் பிடுங்கினால் அன்று மாலையே ராஜினாமா. கணக்குப் பிரிவில் டாலி. டாலி இருக்கும் மேசையில் விண்டோஸ் இருந்தே தீரும். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் மானிட்டர் இல்லாத பழைய சிபியு ஒன்று, மேலே திருத்தப்படாத புரூஃப் கட்டுகளுடன். அதற்குள் லினக்ஸ். அதுதான் ஃபைல் சர்வர்.

இம்மூன்றும் ஒன்றையொன்று புரிந்துகொண்டு இசைந்து வாழ்கின்றன என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? விண்டோஸ் மட்டும் தன் போக்கில் இருக்கிறது. மற்ற இரண்டும் அதைப்போல நடிக்கின்றன. அந்த நாடகத்தின் வசனம் எஸ்எம்பி. 1983இல் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் எழுதத் தொடங்கியது. பின்னர் மைக்ரோசாஃப்ட் வீட்டில் வளர்ந்தது.

நடிப்பின் மூலவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். 1991 டிசம்பரில் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர். தம் டாஸ் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் டிஸ்கைத் தொட ஆசைப்பட்டார். டெக் நிறுவனத்தின் சர்வர் ஒன்று அந்த வேலையைச் செய்தது. எந்த மொழியில் செய்தது என்ற விவரம் அவர் கையில் இல்லை. அந்தச் சர்வரும் டாஸ் கணினியும் கம்பியில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு, பதிலை ஒவ்வொன்றாகப் படித்து, அதேபோலப் பேசும் புரோகிராம் ஒன்றை எழுதிவிட்டார். இந்த முறையை அவரே பின்னாளில் பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்து பிரெஞ்சு கற்பதற்கு ஒப்பிட்டார்: பக்கத்து மேசைக்காரர் என்ன சொல்கிறார், சர்வர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதில் ஆய்வுலகம் கவனிக்க வேண்டியது, டெக்கின் மொழி என்று நினைத்து அவர் கற்றதைத்தான் மைக்ரோசாஃப்ட் கணினிகளும் பேசின என்பது. அது அவருக்குத் தெரியவந்தது பிற்பாடுதான். அந்தப் புரோகிராமே இன்றைய சாம்பா. லினக்ஸ் சர்வர் விண்டோஸ் சர்வரைப்போல வேடம் கட்டுவது இதைக்கொண்டே.

மொழியின் இலக்கணத்தை உரியவர் முறையாகக் கையில் கொடுப்பதற்குள் ஐரோப்பாவில் ஒரு வழக்கே நடந்து முடிந்தது. 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, நெறிமுறை விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தரச் சொன்னது. 2007 செப்டம்பரில் மேல்முறையீடு தோற்றது. அந்த டிசம்பரில் சாம்பா குழுவுக்காக ஓர் அறக்கட்டளை 10,000 யூரோ கட்டி ஆவணங்களை வாங்கியது. ஒட்டுக்கேட்கத் தொடங்கி அப்போது 16 ஆண்டுகள். ஆப்பிளோ வழக்காடவில்லை. தனக்கென்று ஏஎஃப்பி என்ற சொந்த நெறிமுறை வைத்திருந்தும், 2013இல் மேவரிக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டபோது எஸ்எம்பியையே முதல் தேர்வாக்கிக்கொண்டது. நம் கொள்கைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அற்றேல், கணினிகளுக்கிடையே ஜனநாயகம் உண்டா எனின், உண்டு, தேர்தலே நடந்தது. பழைய விண்டோஸ் நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை ஒரு கணினி வைத்திருக்கும். அதற்குத் தலைமை உலாவி என்று பெயர். அது காணாமல் போனால் மற்றவை கூடித் தேர்ந்தெடுக்கும். முதலில் பார்ப்பது இயங்குதளத்தின் அந்தஸ்து: விண்டோஸ் 95 என்றால் 1, என்டி ஒர்க்ஸ்டேஷன் 16, என்டி சர்வர் 32. அதுவும் மற்றத் தகுதிகளும் சமமானால் எது அதிக நேரம் அணையாமல் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். அதிலும் சமமென்றால் பெயரின் அகரவரிசை. அந்தஸ்து, அனுபவம், பெயர்ப் பொருத்தம் என நம் கமிட்டித் தேர்தல்களுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. லினக்ஸ் இங்கே கள்ள ஓட்டுப் போடும். சாம்பாவின் அமைப்புக் கோப்பில் அந்தஸ்து 65 என்று ஒரு வரி எழுதிவிட்டால் பீரோ இடுக்குச் சிபியு என்டி சர்வரையே தோற்கடித்துவிடும். 'நானே தலைவராக வேண்டும்' என்ற விருப்பத்தையும் அதே கோப்பில் எழுதலாம். இரண்டு கணினிகளில் அதை எழுதி வைத்தாலோ, தேர்தல் ஓயாது.

தலைவரின் பட்டியலிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். மூன்று முறை குரல் வராவிட்டால்தான் பெயர் நீக்கப்படும். ஆகவே மின்சாரம் போய் அணைந்த கணினி 36 நிமிடம்வரை பட்டியலில் உயிரோடு இருக்கும். புதிதாக வந்ததோ சிறிது நேரம் பிறவாததாகவே இருக்கும். "தம்பி, லிஸ்ட்ல பேரு இருக்கு, உள்ள போக மாட்டேங்குதே?" என்று கணக்குப் பிரிவு கேட்கும். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்" என்பார் தம்பி. ரீஸ்டார்ட் செய்து டீ குடித்து வருவதற்குள் 36 நிமிடம் கழிந்துவிடுவதால், அந்த வைத்தியத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது என்பது இவ்வாய்வின் துணிபு.

பெயரியலில் சிக்கல் இன்னும் ஆழமானது. Bill, bill இரண்டும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு ஆட்கள்: இங்கே முதலெழுத்துப் பெரியதா சிறியதா என்பதே கேள்வி. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி ஆகியவை பெயரில் வந்தால் விண்டோஸ் ஏற்காது. கேள்வியாகவே தலைப்பு வைக்கும் கவிஞர்களின் தொகுப்பை லினக்ஸில் அப்படியே சேமித்தால், சாம்பா அதை நெளிகோடு போட்ட ஒரு குறும்பெயராகச் சிதைத்துத்தான் விண்டோஸுக்குக் காட்டும். தலைப்பைவிட அது தேவலாம் என்று எடிட்டர் சொல்வதும் உண்டு.

தமிழ்ப் பெயர் என்றால் தனிக்கதை. 'கோப்பு' என்று பெயர் வைக்கிறோம். விண்டோஸில் அடித்தால் ஓகாரக் குறி ஒரே யூனிகோட் எண். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் அதை இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகப் பிரித்து வைக்கும். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் கொம்பையும் காலையும் தனித்தனி அறையிலிருந்து எடுத்தாரே, அதே மரபு. மேக்கில் ஜிப் செய்ததை லினக்ஸில் விரித்தால் பிரிந்த எழுத்தே வந்து சேரும். ஒரே ஃபோல்டரில் 'கோப்பு' என்று இரண்டு. கண்ணுக்கு ஒன்றே, லினக்ஸுக்கு வேறு வேறு. ஒன்றில் திருத்தம் போட்டிருக்கும், மற்றொன்று அச்சுக்குப் போயிருக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இதே விதி. ஆகார, இகரப் பெயர்களுக்கு இந்த ஆபத்து இல்லை என்க.

மேக் போன இடமெல்லாம் டிஎஸ் ஸ்டோர் என்று ஒரு கோப்பை விட்டுச் செல்வது பற்றித் தனி நூலே எழுதலாம். இங்கே விரிப்பின் பெருகும்.

கடைசியாக, ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் செய்ததை நேரே ஃபோல்டரில் போடும் அந்தப் பழைய இயந்திரத்துக்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகத்தை உலுக்கியது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு விண்டோஸ் 10இன் புதிய நிறுவல்களில் அது ஒதுக்கப்பட்டது. 2019இல் சாம்பாவும் இயல்பாகவே அதை மறுக்கத் தொடங்கியது. பழைய மொழி பேச மிஞ்சியிருப்பது மாடிப்படி ஓரத்து மெஷின்தான். அதற்காக, அடிமட்ட நெறிமுறையாக முதல் பதிப்பையே அனுமதிக்கும் ஒரு வரி சர்வரின் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் 'தற்காலிகம்' என்ற குறிப்பும் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது. அந்த வரியை நீக்க முனைபவர் யாராக இருந்தாலும், சப்ளையர் பில்களை என்று ஸ்கேன் செய்கிறார்கள் என்று முதலில் கணக்குப் பிரிவு மேடத்திடம் கேட்டுக்கொள்வது உசிதம்.