ஆச்சியின் பூவுக்கு ஐந்து இதழ்

தப்பான கணக்குக்குப் பக்கத்தில் வாத்தியார் போடுவாரே ஒரு பெருக்கல் குறி, அதைத் துணியில் ஊசியும் நூலுமாக 19,600 தடவை போட்டால் அதற்குப் பெயர் தோட்டம். எண்ணிக்கையை நான் கூட்டிச் சொல்லவில்லை. கிராஸ் ஸ்டிட்ச் போடுவதற்கென்று கடையில் கேட்டால் கொடுக்கிற மேட்டி துணியில் அங்குலத்துக்கு 14 கட்டம் வருகிற ரகம் பிரபலம். பத்தங்குலத்துக்குப் பத்தங்குலம் ஒரு படம் என்றால் 140ஐ 140ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறிக்கும் கால் இரண்டு என்பதால் ஊசி உழைக்க வேண்டியது அதற்கும் இரட்டிப்பு. குறுக்குத் தையல் என்று தமிழ்ப்படுத்தலாம்தான். ஆனால் திருநெல்வேலிக்காரர்களுக்குக் குறுக்கு என்று ஆரம்பித்தாலே குறுக்குத்துறையில் முங்கிக் குளிக்கிற ஞாபகம் வந்துவிடும், ஊசி கையை விட்டுப் போய்விடும். ஆகவே கிராஸ் ஸ்டிட்ச்சாகவே இருக்கட்டும். இத்தனை உழைப்பையும் ஆச்சி வளர்த்த பூக்களின் நினைவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இன்று பல பேத்திகளுக்கு இருக்கிறது, சில பேரன்களுக்கும் இருக்கிறது. ஆசையில் குற்றமில்லை. படத்தில்தான் கோளாறு என்பது என் கட்சி. ஆச்சியின் தோட்டத்தைத் தைக்கக் கூடாது. ஆச்சி கட்டிய சரத்தைத்தான் தைக்க வேண்டும்.

ஏனென்றால், முதலாவதாக, ஆச்சிக்குத் தோட்டமே கிடையாது. பாட்டியின் தோட்டம் என்று உலகச் சந்தையில் விற்கிற வடிவங்களைப் பாருங்கள்: வெள்ளையடித்த மரவேலி, அதில் சாய்ந்து நிற்கும் ரோஜா, பூவாளி, பின்னல் தொப்பி, ஒரு நாற்காலி. தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்தில் ஆரம்பித்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எந்த ஆச்சியும் நாற்காலி போட்டுப் பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததாக வரலாறு இல்லை. இருந்தது புறவாசல். அங்கே கிணறு, துவைகல், அதிலிருந்து ஓடுகிற சோப்புத் தண்ணீருக்கு ஒரு ஓடை. அந்த ஓடை போகிற போக்கில் எங்கே வளைந்ததோ அங்கே கனகாம்பரம், எங்கே தேங்கியதோ அங்கே செம்பருத்தி. பந்தலில் ஏறிக்கொண்டால் பிச்சி. யாரும் கேட்காமலே முளைத்து, யாரும் ஊற்றாமலே பூத்து, கடைசிவரை யாரும் மதிக்காமலே போனது நித்தியகல்யாணி. பூவாளி என்பது அடியில் ஒடுக்கு விழுந்து சமையலுக்கு லாயக்கில்லாமல் போன ஒரு செம்பு. இதை அப்படியே தைக்கலாம் என்றால், படத்தில் பாதிக்கு மேல் துவைகல்தான் வரும். சாம்பல் நிற நூல் மட்டும் ஏழெட்டுக் கண்டு வாங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது சங்கடம் கணிதத்தைச் சேர்ந்தது, அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கட்டம் போட்ட துணிக்கு நாலு பிடிக்கும், எட்டு பிடிக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, வலத்தே ஒன்று, இடத்தே ஒன்று என்று இதழ் வைத்தால் அழகாக அடங்கும். ஆச்சியின் செடிகளோ சொல்லிவைத்துக்கொண்டு சதி செய்தவை மாதிரி ஐந்தில் பிடிவாதமாக இருக்கின்றன. பிச்சிக்கு ஐந்து இதழ், செம்பருத்திக்கு ஐந்து, ஒற்றை நந்தியாவட்டைக்கு ஐந்து, அரளிக்கு ஐந்து, நித்தியகல்யாணிக்கு ஐந்து. கனகாம்பரத்துக்கும் ஐந்துதான், அது ஐந்தையும் விசிறி மாதிரி ஒரே பக்கம் விரித்துக்கொண்டு நிற்கும். குண்டுமல்லியை விட்டுவிடுவோம், அதற்கே தன் இதழ்க் கணக்கு நிலையாகத் தெரியாது. சதுரக் கட்டத்தின் மூலைகளை மட்டும் தொட்டு ஓர் ஒழுங்கான ஐங்கோணம் வரைய முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். படிகங்களிலும் ஐந்துக்கு இடமில்லை என்றே விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். 1982இல் டான் ஷெக்ட்மேன் ஓர் உலோகக் கலவையில் ஐந்தின் சாயலைக் கண்டு சொன்னபோது கேலி செய்தவர்கள் உண்டு, 2011இல் அதற்காகவே அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஷெக்ட்மேனுக்கு நோபல் வாங்கிக் கொடுத்த சிக்கலை மேட்டி துணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தீர்த்துவிட முடியாது. கட்டத்துக்குள் அடைத்த நந்தியாவட்டை சில சமயம் காற்றாடியாக வரும், சில சமயம் கால் பரப்பிய தவளையாக வரும். புறவாசலில் கட்டத்துக்கென்றே பிறந்த பூ ஒன்றே ஒன்று, இட்லிப்பூ. புத்தகத்தில் வெட்சி என்று பெயர். அச்சு அசல் நாலு இதழ், தள்ளி நின்று பார்த்தால் கூட்டல் குறி. அதை மட்டும் தைத்தால் தோட்டம் கூட்டல் கணக்கு நோட்டுப் போல இருக்கும்.

சரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, காரணம் ஆச்சி பூவை இதழ் விரிய விட்டதே இல்லை. மொட்டிலேயே பறித்துவிடுவார். செடியில் மலர்ந்த பிச்சி என்பது ஆச்சி கணக்கில் வீணாய்ப்போன பிச்சி. பறித்ததைத் தாம்பாளத்தில் கொட்டி, நனைத்த வாழைநாரைக் கிழித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபின் நடப்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் தலை வைத்து, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் தலை வைத்து, காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படுக்கும். நார் காம்புகளை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையமாகத் திரும்பி, தலைக்குமேல் போய் விழுந்து இறுகும். ஒரு கண்ணி முடிந்தது. அடுத்த கண்ணியும் அதே இரண்டு, அதே இரண்டு. எண்ணி வைப்பது, நூலைக் குறுக்கே விடுவது, ஒரே திசையில் இறுக்குவது. கிராஸ் ஸ்டிட்ச்சுக்கு இருக்கிற சட்டமும் அதுவேதான்: எல்லாக் குறியிலும் மேலே விழுகிற கால் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், ஒன்று திரும்பினாலும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். கட்டத்தில் பிச்சி மொட்டுக்கு ஐந்து பற்றிய கவலை கிடையாது. இரண்டு கட்ட அகலம், ஐந்து கட்ட நீளம், கீழே ஒரு வரி பச்சைக் காம்பு. மொட்டின் வெளிப்புறம் ஓடும் இளஞ்சிவப்பை ஒரே ஒரு கட்டத்தில் வைத்துவிட்டால் போதும், மல்லி இல்லை பிச்சிதான் என்று நாகர்கோவில்காரர்கூடக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

வெள்ளைப் பூவை வெள்ளைத் துணியில் எப்படித் தைப்பது என்று கேட்பவர்கள் துணியை மாற்ற வேண்டும், பூவை மாற்றக் கூடாது. செடியில் இருக்கும்போது பிச்சிக்குப் பின்னால் பச்சை இலை இருந்திருக்கலாம். ஆனால் ஊர் பார்த்த பிச்சிக்குப் பின்னால் இருந்தது கூந்தல். கறுப்பு மேட்டியே வாங்குங்கள். கறுப்பில் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது என்று சலிப்பவர்களுக்குத் தையல்காரிகள் சொல்லும் உபாயம் ஒன்று உண்டு: மடியில் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டுக்கொண்டு தைத்தால் ஓட்டைகள் ஒவ்வொன்றும் விளக்குப் போட்ட மாதிரி தெரியும். கூந்தல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும்: சரம் கட்டிய ஆச்சிகளில் பாதிப் பேர், கணவரை இழந்தபின், தாங்கள் ஒரு கண்ணியும் வைத்துக்கொள்ளாதவர்கள். வைக்கக் கூடாது என்று ஊர் சொன்னது, அவர்களும் கேட்டார்கள், கட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. தோட்டப் படத்தில் தொப்பி வைத்த பாட்டிக்கு இந்தக் கதை கிடையாது.

கிராஸ் ஸ்டிட்ச்சே வெள்ளைக்காரி வேலை, அதைக் கொண்டுபோய் ஆச்சி தலையில் கட்டுவானேன் என்று ஒரு ஆட்சேபம் வரும். பாதி உண்மை. நெல்லைச் சீமையின் ஊசி வேலைச் சரித்திரத்தில் மிஷன்காரர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இடையன்குடியில் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவர் மனைவி எலிசா அந்தச் செம்மண் தேரிக்காட்டுப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். எலிசா நாகர்கோவில் மிஷனரி மால்ட் தம்பதியின் மகள், லேஸ் அவருக்குத் தாய்வீட்டுச் சீர். அந்த வழியில் வந்து சேர்ந்த வேலைகளின் உறவுக்காரிதான் கிராஸ் ஸ்டிட்ச். ஆனால் வந்தது ஊசி மட்டுமே, எண்ணிக்கை இங்கேயே இருந்தது. மார்கழியில் பத்திரிகை இணைப்பில் ‘15 புள்ளி, ஊடுபுள்ளி, 8இல் நிறுத்தவும்’ என்று அச்சடித்தால், 169 புள்ளியை இருட்டிலேயே வாசலில் இறக்கிவிட்டுப் பால் வாங்கப் போகிறவர்கள் நம்மவர்கள். ஒரு சதுர அங்குல மேட்டியில் இருப்பது 196 கட்டம். ஆக, ஒரு கோலம் போடுகிற புத்திக்கு மேல் இன்னும் கொஞ்சம் செலவழித்தால் ஓர் அங்குலம் ஆயிற்று. ஆற்றங்கரைக் கோரையைக் கீறிப் பருத்திப் பாவில் நெய்கிற பத்தமடைப் பாயில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் எழுத்தாக ஏறுகின்றன. தமிழ் எழுத்தின் சுழியையே கட்டத்துக்குள் படுக்கவைத்தவர்களுக்குப் பிச்சி மொட்டு எம்மாத்திரம். நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் படமே வரையாமல் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை செய்கிறார்கள். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் தோவாளையில் அரளிப் பூவை மடித்து மடித்து, வெள்ளையும் சிவப்பும் நொச்சி இலைப் பச்சையுமாக, பாய் போலத் தட்டையாக மாணிக்க மாலை கட்டுகிறார்கள். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரளியின் ஐந்து இதழை என்ன செய்வது என்று நாம் மேலே தவித்தோமே, தோவாளைக்காரர்கள் மடித்துப் போட்டு விஷயத்தை முடித்துவிட்டார்கள். நூலுக்கும் ஊர்ப் பாத்தியதை உண்டு. பூத்தையல் போடுகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிற ஆங்கர் நூலை இந்தியாவில் வெகுகாலம் விற்றது மதுரா கோட்ஸ். அந்தக் கம்பெனியின் மூதாதையான ஹார்வி மில் 1880களில் விக்கிரமசிங்கபுரத்தில் வந்ததே பாபநாசத்தில் தாமிரபரணி கொட்டுகிற வேகத்தை நம்பித்தான். வெள்ளைக்காரி வேலை என்று ஒதுக்குவதற்கு ஆற்றிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் வாசனை. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது பழமொழி, பருத்தி நூலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இதற்கு நான் ஆச்சியையே சாட்சிக்குக் கூப்பிடுவேன். மணமே இல்லாத கனகாம்பரத்தை முழம் முழமாகக் கட்டியவர் யார்? மார்கழி வந்தால் ஊதாவும் வெள்ளையுமாக டிசம்பர் பூவைத் தொடுத்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் இரட்டைச் சடையில் பாலம் போட்டவர் யார்? முகர்ந்து பார்த்தால் அதில் ஒன்றும் கிடையாது. நிறத்துக்காகவும் வரிசைக்காகவும் பூ கட்டுகிற வழக்கம் ஆச்சியிடமே இருந்தது, வாசனை வேண்டுமென்றால் நடுவே ஒரு கொத்து மரிக்கொழுந்தைச் செருகிவிடுவார். நீங்களும் பீரோவில் துணிக்கு நடுவே ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

எனக்கே பலமாகப் படுகிற ஆட்சேபம் வேறு. பூ கட்டுவது வாய் ஓயாத வேலை. திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தால் விரல் பாட்டுக்கு விரல், தெருக்கதை பாட்டுக்குத் தெருக்கதை. குனிந்து பார்க்கவே தேவையில்லை. கிராஸ் ஸ்டிட்ச்காரியிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “முப்பத்தேழு, முப்பத்தெட்டு” என்று கையை உயர்த்துவார், நீங்கள் வந்த காரியத்தை மறந்து திரும்ப வேண்டியதுதான். முப்பது நாற்பது வண்ணம், கட்டத்துக்குக் கட்டம் மாறுகிற தோட்டப் படம் என்றால் வீட்டில் மௌன விரதம். அப்படித் தைத்த பூ ஆச்சி நினைவு ஆகவே ஆகாது, யாரோ ஊமைப் பாட்டியின் நினைவு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது தோட்டத்துக்கு விழுகிற அடி. சரத்தில் வண்ணம் மூன்றோ நாலோ, ஒரே கண்ணி திரும்பத் திரும்ப வருகிறது. ஏழெட்டுக் கண்ணிக்குள் விரல் அதை மனப்பாடம் செய்துவிடும், வாய்க்கு விடுதலை கிடைத்துவிடும். அதன்பிறகு மேலத்தெருக் கல்யாணத்தில் யார் யாருக்குச் சோறு பத்தவில்லை என்று ஆற அமரப் பேசலாம், தையலும் நடக்கும்.

இதையெல்லாம் ஆச்சியிடமே சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் தெரிந்ததுதான். “ஏட்டி, தலையில வைக்க முடியாத பூ என்னத்துக்கு? கண்ணைக் கெடுத்துக்கிட்டு...” கேள்வி நியாயமானது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டுகிறவர்களிடம் இதற்குப் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது. ஊசி வேலை கற்ற நம் வீட்டுப் பெண்கள் அதைச் சுவரிலா மாட்டினார்கள்? தலையணை உறையில் போட்டார்கள். ரோஜாவும் கிளியும் போட்டு, கீழே ‘குட் நைட்’ என்று எழுதி, புருஷன் வீட்டுக்குப் பெட்டியில் கொண்டுபோனார்கள். அந்த வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்தால் போதும். கறுப்பு மேட்டியை மூன்று விரல் அகலப் பட்டையாக வெட்டி, சரத்தைத் தைத்து, உறையின் வாய்ப்பக்கம் வைத்து மடித்து அடித்துவிடுங்கள். கறுப்பில் தேங்காய் எண்ணெய்க் கறையும் தெரியாது. பூ தலைக்கு ஏறாவிட்டால் என்ன, தலை பூவுக்கு இறங்கி வரும். உறையின் வாய் ஏறக்குறைய 18 அங்குலம், அதாவது ஒரு முழம். பூக்காரியின் கை முழம் மாதிரி ஆளுக்கு ஆள் குறையாது. 14 கட்டத் துணியில் அது 252 கட்டம்; கண்ணிக்கு ஆறு கட்டம் விட்டால் சரியாக 42 கண்ணி வரும்.