தட்டடி நீர்: ஜப்பானியக் கடலுணவுக் காய்கறி வதக்கல் குறித்து ஓர் ஆய்வு

இந்த ஆய்வின் பொருள் ஏறத்தாழ ஒன்றரை மேசைக்கரண்டி தண்ணீர். ஜப்பானிய வீடுகளில் வேலைநாள் இரவுகளில் இறால், கணவாய், முட்டைக்கோஸ், முளைப்பயறு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு அவசரமாக வதக்கித் தட்டில் கொட்டுகிறார்கள் அல்லவா? கொட்டிய சற்று நேரத்தில் அடியிலிருந்து கசிந்து, சோயா நிறத்தில் ஓரமாகத் தேங்கி நிற்குமே, அந்தத் தண்ணீர்தான். இதற்கெனக் கலைச்சொல் ஏதும் நம் கண்ணில் படாததால் ‘தட்டடி நீர்’ என்று பெயரிடுகிறோம். அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்பவர்கள் ஆய்வு மனப்பான்மை அற்றவர்கள். அவர்கள் இந்தப் பத்தியோடு விடைபெறலாம்.

முதலில் முன்னோர் கருத்து. ‘யசாய் இதாமே’ என்னும் காய்கறி வதக்கல் இன்று ஜப்பானின் எந்தச் சிறு உணவகத்திலும் சோறும் மிசோ சூப்பும் சேர்த்துக் கிடைக்கிறது. ஆனாலும் அந்நாட்டுப் பழஞ்சமையல் பெரும்பாலும் பச்சையாக அரிவது, சுடுவது, அவிப்பது, சாறு ஊறும்படி மெல்லக் கொதிக்கவைப்பது என்றே நடந்தது. எண்ணெயைக் காயவைத்துக் கிளறும் வழக்கம் சீனச் சமையலின் வழியாகப் பரவியது. சீனாவின் ஃபூஜியனிலிருந்து வந்த சென் பிங்ஷுன் 1899இல் நாகசாகியில் ‘ஷிகாய்ரோ’ உணவகத்தைத் தொடங்கினார். அங்கே படிக்க வந்திருந்த சீன மாணவர்களுக்கு மலிவாக வயிறு நிறையட்டும் என்று கடலுணவையும் முட்டைக்கோஸையும் முளைப்பயறையும் வதக்கி, சூப்பும் நூடுல்ஸும் சேர்த்துச் ‘சாம்பொன்’ என்ற உணவை ஆக்கியவர் அவரே. ஆய்வாளர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வதக்கலில் நீர் விடுகிறதே என்ற கேள்வி எழுவதற்குள் அவர் சட்டி நிறையச் சூப்பையே ஊற்றிவிட்டார். கேள்வி மூழ்கிவிட்டது.

அடுத்தவர் சிச்சுவானில் பிறந்த சென் கென்மின். 1952இல் ஜப்பானுக்கு வந்து, 1958இல் டோக்கியோவில் கடை போட்டு, தொலைக்காட்சியில் இல்லத்தரசிகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தவர். இறால் மிளகாய் வதக்கலில் தக்காளி கெச்சப்பைச் சேர்த்துக் காரத்தைத் தணித்து, ஜப்பானிய நாக்குக்கு ஏற்றதாக்கியவர் என்று புகழ்வார்கள். நம் ஆய்வுக்குப் பயன்படுவது அந்தச் சாற்றின் பதம். நீராக ஓடியிருக்க வேண்டியதை மாவு கரைத்து ஊற்றிக் குழம்பாக்கிவிட்டார். ஆக ஒருவர் சூப் என்றார், மற்றவர் குழம்பு என்றார். வெறும் வதக்கலை வெறுந்தட்டில் வைத்துக்கொண்டு நீரோடு நேருக்கு நேர் நின்றவர், பெயர் தெரியாத வீட்டுச் சமையற்காரர் ஒருவரே.

இனி இலக்கணம். இறாலும் கணவாயும் நெய்தல். முட்டைக்கோஸும் முளைப்பயறும், சற்றுத் தாராளமாகப் பார்த்தால், மருதம். இரண்டையும் ஒரே சட்டியில் போடுவது திணைமயக்கம். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். கணவாய் வளையம் இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்து ரப்பராகும்போது அது எவருடைய இரங்கல் என்பது சொல்லாமலே விளங்கும். மருதத்துக்கு ஊடல். முட்டைக்கோஸ் வெளியில் விறைப்பாக நின்று, உள்ளுக்குள் நெகிழ்ந்து, கடைசியில் கண்ணீர் விடுகிறது. அந்தக் கண்ணீரே தட்டடி நீர் என்பது நம் முதல் கருதுகோள்.

கருதுகோளைக் கணக்கால் நிறுவுவோம். முட்டைக்கோஸின் எடையில் சுமார் 93 விழுக்காடு நீர். பாசிப்பயறு முளையில் சுமார் 95. இருவருக்கு வதக்க வெங்காயம், கேரட் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ காய்கறி என்றால், சட்டியில் விழுவது ஏறத்தாழ 450 கிராம் நீரும் அதைப் பிடித்துவைத்திருக்கும் கொஞ்சம் நாரும்தான். வெப்பம் ஏறஏறச் செல்களின் சவ்வு குலைந்து நீர் வெளியேறுகிறது. உப்பை முன்னாலேயே தூவினால் அது இன்னும் இழுக்கிறது. அப்படி 100 கிராம் நீர் கசிந்தால், கொதிநிலையில் இருக்கும் அதை ஆவியாக்க மட்டும் சுமார் 226 கிலோஜூல் வேண்டும். வீட்டு அடுப்பின் பெரிய எரிமுனை 4.2 கிலோவாட், அதில் பாதி சட்டிக்குள் போகிறது என்று பெரிய மனது பண்ணி வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 110 விநாடி ஆகும். அதற்குள் கணவாய் போனது போனதுதான். சீன உணவகத்தின் அடுப்பு இதைவிடப் பல மடங்கு சீறுவதால் அங்கே நீர் வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை.

அப்படியானால் வீட்டிலும் நெருப்பைக் கூட்டலாமே என்பார்கள். ஜப்பானில் அதற்கு அரசே தடை போட்டிருக்கிறது. 2008 அக்டோபர் முதல் வீட்டு எரிவாயு அடுப்புகளின் எல்லா எரிமுனைகளிலும் வெப்பத்தை உணரும் கருவி கட்டாயமாயிற்று. சட்டியின் அடி சுமார் 250 டிகிரியைத் தொட்டதும் சுடர் தானாகத் தாழும். தெம்புரா பொரிக்கும் எண்ணெய் சூடேறித் தீப்பற்றி வீடுகள் எரிந்ததால் வந்த விதி. மிக நல்ல விதி. ஆனால் வதக்குகிறவர் வீரத்தோடு வாணலியைக் காயவைத்து, காய்கறியைக் கொட்டக் கையை ஓங்கும் அதே கணத்தில் அடுப்பு குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.

இதனால் அறிஞர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். வல்லெரியார், சட்டி புகையும்வரை காய வேண்டும், ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பர். மெல்லெரியார், குளிர்ந்த சட்டியிலேயே காய்களைப் போட்டு எண்ணெய் பூசிச் சிறுதீயில் மெல்ல வதக்கினால் செல் குலையாது, நீர் விடாது என்பர். இரண்டாமவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பசித்த பிள்ளைகள் மட்டும்தான் இல்லை. நாம் இடையெரிக் கொள்கையினர். நெருப்பைவிட வரிசைதான் பெரிது என்பது நம் துணிபு.

அந்த வரிசையைச் சொல்லிவிடுகிறோம். உறைந்த கடலுணவை வெறுந்தண்ணீரில் போடக் கூடாது. 200 மில்லி நீருக்கு 6 கிராம் உப்பு. கடல்நீர் உப்புக்குக் கொஞ்சம் குறைவு. இதில் உருகவிட்டால் சுவை கரைந்து போவது குறையும். உரித்த இறாலைச் சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி உருளைக்கிழங்கு மாவும் போட்டுப் பிசைந்தால் கறுத்த அழுக்கு மாவோடு வந்துவிடும். அலசி, துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். இந்தத் துணி ஒற்றலைச் சோம்பேறித்தனத்தால் விடுகிறவர்களே தட்டடி நீரின் பெரும்புரவலர்கள். பிறகு கடலுணவை எண்ணெயில் முக்கால் வேக்காட்டுக்கு வதக்கி, இறால் சிவந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். இது முக்கியம், இதை யாரும் செய்வதில்லை. அதே சட்டியில் இஞ்சி, வெங்காயம், கேரட், பின்பு முட்டைக்கோஸ், கடைசி ஒரு நிமிடத்துக்கு முளைப்பயறு. எடுத்துவைத்தவற்றைத் திரும்பப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி சோயாவும் அதே அளவு சாகே என்னும் அரிசி மதுவும் சட்டியின் சூடான ஓரத்தில் ஊற்றினால் மணம் எழும். அதன் பிறகே உப்பு. அப்போதும் நீர் தென்பட்டால் ஒரு தேக்கரண்டி உருளைக்கிழங்கு மாவை இரண்டு தேக்கரண்டி நீரில் கரைத்து ஊற்றிக் கிளறலாம். சென் கென்மின் வழி என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாகவும் இருக்கும்.

அளவு விஷயத்தில் சமரசம் கிடையாது. ஒரு சட்டிக்கு இருவர் பங்கு. நால்வருக்கு என்றால் இரண்டு முறை வதக்க வேண்டும். ஒரே தடவையில் குவித்தால் அது வதக்கல் அல்ல, அவியல்.

முளைப்பயறின் வாலைக் கிள்ளுவதா வேண்டாமா என்ற பெருவிவாதம் பாக்கியிருக்கிறது. கிள்ளினால் பார்வையாகவும் வாய்க்கு மெதுவாகவும் இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 200 கிராம் பொட்டலம் பெரும்பாலும் 50 யென்னுக்குள் கிடைக்கிறது. அதை ஒவ்வொன்றாக எடுத்து வால் கிள்ளி முடிப்பதற்குள் சாம்பொன்னே ஆக்கி இறக்கிவிடலாம். ‘விரைவுச் சமையல்’ என்று பெயர் வைத்துவிட்டு வாலைக் கிள்ளச் சொல்லும் சமையல் நூல்களை இந்த ஆய்வு வன்மையாகக் கண்டிக்கிறது.

விரைவு என்பது அடுப்பின் மேல் ஆகும் ஐந்தாறு நிமிடம் மட்டுமே என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அரிவது, கழுவுவது, ஒற்றுவது, பின்னால் சட்டி தேய்ப்பது ஆகியவை கணக்கில் சேர்க்கப்படுவதே இல்லை.

எஞ்சிய ஒரு காரணம் சமையலறைக்கு வெளியே இருக்கிறது. தட்டில் விழுந்த பிறகும் காயின் சூடு அடங்குவதில்லை, உப்பும் நீரை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. எவ்வளவு சரியாக வதக்கினாலும் பத்து நிமிடம் காத்திருந்தால் தட்டடி நீர் வந்தே தீரும். ஆகவே சாப்பிடப் போகிறவர்களுக்கு ஆய்வாளரின் பணிவான வேண்டுகோள்: அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டதுமே கைபேசியைக் கீழே வைத்து, கை கழுவி, தட்டின் முன் வந்து உட்காருங்கள். ‘இதோ வர்றேன்’ என்று உள்ளிருந்து குரல் கொடுப்பது வருவதாகாது.